வெறுங்காலும் விலைச்சீட்டும்

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று மதியம் கடையில், வாடிக்கையாளர் முன்னால், தரையில் உட்கார்ந்துவிட்டேன். வழுக்கவில்லை, மயக்கமும் இல்லை. வலது குதிகால் இனிமேல் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். குளியலறைக்குப் பச்சை டைல்ஸ் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி. நான் உட்கார்ந்ததும் ஏதோ காட்டப்போகிறேன் என்று நினைத்து அவர்களும் குனிந்தார்கள். நான் விடுவேனா? உட்கார்ந்தபடியே, "ஓரத்தைத் தடவிப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு" என்று காட்டி விற்றுவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்தது. விற்பனைக்கு நிற்கிற இரண்டு பேரில் கண்ணாடி போட்டவளை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள்தான் தூக்கி நிறுத்தினாள்.

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தில் முதலில் நலமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிறேன். நலமா? போனில் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தால் நான் கத்துவேன். காகிதத்தில் கத்தினால் பக்கத்துக் கடைக்குக் கேட்காது.

போன மழைக்காலத்துக்கு முன்பே வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி, உடைந்த டைல்ஸின் மூளியில் வைக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் நடந்தால் மங்கும். மதியத்துக்கு மேல் திரும்ப வரும். சாயங்காலம் கடையின் ஒரு மூலையில் நின்றுகொண்டு, அடுத்த மூலைக்குப் போகத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். நான் யோசித்து நடந்த ஆள் இல்லை, உனக்குத் தெரியும். தலையில் டைல்ஸ் பெட்டியோடு மூன்று மாடி ஏறியவள், பெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள்.

செய்யாத வைத்தியம் இல்லை. எதிர்க்கடை பெயிண்ட்காரர் சொன்னார் என்று செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தேன். கண்ணாடிக்காரியின் மாமியார் ஒரு எண்ணெய் கொடுத்தனுப்பினார். கால் சரியாகவில்லை, தரைதான் வழுக்கியது. காந்தம் வைத்த அட்டை ஒன்று வாங்கிச் செருப்புக்குள் போட்டேன். அதில் வந்து ஒட்டியது இரண்டு ஆணிதான், வலி அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில் குதிகாலில் ஊசி போட்டார்கள். ஒரு மாதம் பறந்தேன். சும்மா பறந்தேனா, அந்த ஒரு மாதத்தில் குடோனையே இடம் மாற்றினேன். பிறகு போனது வட்டியோடு திரும்பி வந்தது.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, குதிகால் எலும்பில் முள் மாதிரி வளர்ந்திருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். "பாதி முள்ளை மட்டும் எடுத்தா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த மாத ஆரம்பத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ இங்கே இருந்தபோது உன் வீட்டுக்காரிக்கும் குதிகால் வலி வந்ததே, யாரிடம் காட்டினீர்கள்? விலாசம் மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

நலம். இங்கே என் குழாய்க் கடை சின்னது, வாடகை பெரியது. பிள்ளை உன் சாயலில் வளர்கிறாள். வாயும் உன்னுடையதுதான்.

அந்தக் கையெழுத்தைப் போடாதே. பழைய தபால் அலுவலகத்துக்குப் பின்னால், ரொட்டிக் கடையை ஒட்டி ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. பாதத்துக்கு மட்டும் பார்க்கிற லேடி டாக்டர். தரைத்தளம்தான். கால் டாக்டர் மாடியில் உட்கார்ந்திருந்தால் நம்பக் கூடாது என்பாள் என் வீட்டுக்காரி. இவளுக்கு அங்கேதான் சரியானது. கத்தி இல்லை, ஊசி இல்லை. ஆனால் நாளாயிற்று.

இவள் நொண்டிக்கொண்டே உன் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டாளே, அப்போது நீ என்ன சொன்னாய் என்பதை இவள் மறக்கவில்லை. "நடந்தா சரியாயிடும்மா." இப்போது நீ நடந்து பார்க்கிறாய் போலிருக்கிறது.

இன்னொன்று. எழுதமாட்டேன் என்று இவளிடம் சத்தியம் பண்ணியிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன், உன் கடையில் அந்தக் கட்டடக்காரருக்கு நான் ஒரு விலை சொன்னேன். அவர் கைகொடுத்தார். நீ அந்தக் கோடியிலிருந்து வேகவேகமாக வந்து, அவர் கை என் கைக்குள் இருக்கும்போதே, "இவன் சொல்றதெல்லாம் விலை இல்லீங்க, நான் சொல்றதுதான் விலை" என்றாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஊர் மாறி வந்த பிறகும் கூடவே வந்திருக்கிறது. சரி, எழுதிவிட்டேன். சத்தியம் போச்சு.

டாக்டரிடம் போ. ஒன்றே ஒன்று, பேரம் பேசாதே.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

போனேன். உன்னைவிடச் சின்னவள் அந்த டாக்டர். படத்தை நீட்டினேன், ஓரமாக வைத்துவிட்டாள். அறைக்குள்ளேயே போகவும் வரவும் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கச் சொன்னாள். கட்டைவிரலை மேலே மடக்கி, குதிகாலுக்கு உள்பக்கம் ஒரே ஒரு இடத்தில் அழுத்தினாள். நான் கத்தியது ரொட்டிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு என் செருப்பை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். வந்த சரக்கில் ஒன்றைத் திருப்பி நான் பார்ப்பேனே, அதே மாதிரி. அப்போதுதான் அவள் மேல் மரியாதை வந்தது.

"எந்தத் தரையில நிக்கிறீங்க?"

"பாலிஷ் டைல்ஸ்."

"எவ்வளவு நேரம்?"

"கடை திறந்ததுலேருந்து மூடற வரைக்கும்."

"செருப்பு?"

"வாசல்ல."

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். என் கடையில் சாம்பிள் தரைமேல் செருப்பு ஏறாது. நான் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்துத்தான் வருகிறவன் தரையை நம்புகிறான். இரண்டு டைல்ஸ் சேருகிற இடத்தில் ஒரு தாள் கனத்துக்கு மேடு இருந்தாலும் என் பாதம் சொல்லிவிடும். மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை நான் கால் வைத்துப் பார்ப்பேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த ரசமட்டம்தான் இப்ப நைஞ்சு போயிருக்கு" என்றாள்.

முள்ளைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. நிறையப் பேருக்கு இருக்குமாம், வலியே இல்லாமல். குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்துக்கு அடியில் ஒரு பட்டை ஓடுகிறது. அது நைந்திருக்கிறது. ஆடுசதை இறுகிப் போய் அதை இன்னும் இழுக்கிறது. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். சுவரைத் தள்ளுகிற மாதிரி நின்று ஆடுசதையை நீட்ட வேண்டும். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைக் காலடியில் உருட்ட வேண்டும். குதிகாலில் மெத்தை வைத்த ஷூவை வீட்டிலும் கடையிலும் போட வேண்டும். வெறுங்கால் கூடவே கூடாது. அடிக்கடி உட்கார வேண்டும். மூன்று மாதம்.

இனி நீ திட்டுவாய். திட்டிக்கொள். முதலில் சொல்கிற விலையில் பாதிதான் விலை என்று தெரியாமலா இத்தனை காலம் கடை வைத்திருக்கிறேன்? "மூணு மாசமெல்லாம் முடியாதும்மா, ஆறு வாரம் போட்டுக்கோங்க" என்றேன். சிரித்தாள். சிரித்தால் சம்மதம்தானே. முப்பது தடவை நீட்டச் சொன்னதைப் பதினைந்தாக்கிக்கொண்டேன். ஷூ வீட்டில் மட்டும். கடையில் முடியாது, அது என் பிழைப்பு. மொத்தத்தில் நல்ல விலைக்கு முடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்துவிட்டேன்.

விலாசம் கொடுத்ததற்கு நன்றி. கட்டடக்காரர் விஷயத்துக்குப் பதில் எழுத இப்போது தெம்பு இல்லை.

அக்கா

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய் அடுப்பங்கரையில் நின்று சிரித்தாள். பிறகு வந்து, "உங்க அக்கா டாக்டரம்மாகிட்டயே தள்ளுபடி வாங்கிட்டாங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா, அந்த டாக்டர் உனக்குச் சொன்னது அடக்க விலை. அதில் குறைத்தால் நஷ்டம் அவளுக்கு இல்லை.

உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். டைல்ஸ் ஒட்டிய மறுநாளே வீட்டுக்காரன் அதன்மேல் பீரோவை இழுத்துவிட்டு, தரை ஆடுகிறது, உங்கள் சரக்கு சரியில்லை என்று உன்னிடம் வருவான். நீ என்ன சொல்வாய்? "காயறதுக்குள்ள யார் உங்களை ஏறச் சொன்னது?" ஒரு ஆளை நீ இதற்காகக் கடையை விட்டே விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். பசை காய்கிற காலத்தில் பாதியைக் குறைத்துத் தரச் சொல்லி எவனாவது கேட்டால் அவனை என்னவென்று சொல்வாய்?

கோபத்தில் எழுதவில்லை. அசதி. இங்கே காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்கும்வரை தெருவைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒருவர் வந்தார். எழுந்து நின்றேன். மழைக்கு ஒதுங்கினாராம். நானும் அவரும் மழை விடும்வரை குழாய்களைப் பற்றிப் பேசினோம். அவர் ஒன்றும் வாங்கவில்லை. போனபிறகு கடை இன்னும் காலியாகத் தெரிந்தது.

முப்பது என்றால் முப்பது. போடு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

கால் பழையபடி ஆகிவிட்டது. பழையபடியைவிட மோசம்.

நீ எழுதியது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் உன் கடிதம் வந்தபோது எனக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. பாதி மருந்துக்கே இவ்வளவா, நாம்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் ஒரு பெரிய ஆள் வந்தார், பள்ளிக்கூடம் கட்டுகிறவர். மொத்தத் தரைக்கும் நம்மிடமே எடுப்பதாகப் பேச்சு. காலையிலிருந்து ஒவ்வொரு சாம்பிளாக அவரோடு நடந்தேன், வெறுங்காலோடு. கீழே, மேலே, குடோன், திரும்பக் கீழே. அவர் உட்காரவில்லை, நான் எப்படி உட்காருவது? மதியத்துக்கு மேல் இடது காலிலேயே நின்று பேசினேன். கொக்கு மாதிரி. ஆர்டர் கிடைத்தது.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து கால் வைத்தேன், வைக்க முடியவில்லை. முட்டி போட்டுக் குளியலறைக்குப் போனேன். என் வீட்டுத் தரையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. வாசற்படி ஓரம் ஒரு இணைப்பு கோணலாக இருக்கிறது. நம் மேஸ்திரிதான் போட்டது. அவனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன், பிறகு அதற்கும் அலுப்பாக இருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் ஆட்டோவில் போனேன். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். அவள் திட்டவில்லை. பழைய சீட்டையே எடுத்து, நான் பாதியாக்கிய எல்லாவற்றையும் திரும்ப முழுசாக எழுதிக் கொடுத்தாள். "இன்னிக்குத்தான் முதல் நாள்" என்றாள். அவ்வளவுதான். என்னோடு பேரம் பேசக்கூட அவளுக்கு மனசில்லை. அதுதான் சுருக்கென்றது.

நான் வீட்டில் இருந்த நாட்களில் கடையில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், விலை கேட்டார்கள், கண்ணாடிக்காரி, "அக்கா வந்தாத்தாங்க விலை தெரியும்" என்றிருக்கிறாள், போய்விட்டார்கள். போனிலாவது கேட்டிருக்கலாமே என்றேன். "யார் வந்திருக்காங்க, என்ன செருப்பு போட்டிருக்காங்க, எந்த வண்டியில வந்தாங்கன்னு எல்லாம் கேப்பீங்க. நான் சொல்றதுக்குள்ள அவங்க தெருவைத் தாண்டிடறாங்க" என்கிறாள்.

பெயிண்ட்காரர் நம் கடையைக் கேட்கிறார். நியாயமான விலைதான் சொல்கிறார், பேசினால் இன்னும் ஏறும். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல்முறையாக நான் ஒருவரிடம் பேரம் பேசாமல் இருந்தேன். சரி யோசிக்கிறேன் என்றேன். அவருக்கே பயம் வந்துவிட்டது, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

கொடுத்துவிடலாமா? கால் இருந்தால்தானே கடை. உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இந்தத் தொழில் வேறு யாருக்குத் தெரியும், கேட்க?

அக்கா

மே 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்தக் கடையில் வளர்ந்தவன். நீ வெறுங்காலோடு நிற்பதால் கால் போனது, சரி. ஏன் நிற்கிறாய்? செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கடை ஓடாதா? ஓடாது. ஏனென்றால் உன் கடையில் எந்த டைல்ஸிலும் விலை இல்லை. விலை உன் வாயில் இருக்கிறது. வருகிறவன் எங்கே நிற்கிறானோ அங்கே அந்த வாய் போயாக வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், செருப்பைப் பார்க்க வேண்டும், பிறகுதான் விலை. அவன் நாலு மூலையிலும் நின்று கேட்டால் நாலு மூலைக்கும் நீ. ஒரு நாளைக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை நடை நடந்திருப்பாய்! அன்றைக்கு நான் கட்டடக்காரருக்கு விலை சொன்னபோது கடைக்கோடியிலிருந்து நீ ஓடி வந்தாயே, அதுவும் அதில் ஒரு நடைதான்.

உன் கால் வலிக்கு மருந்து பாதி அந்தச் சீட்டில் இருக்கிறது. மீதி, ஒட்டாத விலைச்சீட்டில் இருக்கிறது.

கடையைக் கொடுக்காதே. கொடுத்தால் வீட்டில் சும்மா இருப்பாயா? ஒரு வாரத்தில் மேஸ்திரிகளோடு வெயிலில் நின்றுகொண்டிருப்பாய்.

இவள்தான் சொன்னாள், "நீங்க போங்க. இங்க வர்ற ரெண்டு பேரை நான் பாத்துக்கறேன்." உண்மையில் என்னைவிட இவள் நன்றாக விற்கிறாள். வருகிறவன் வீட்டுக் கதையை முழுசாகக் கேட்கிறாள், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் வருகிறேன். டாக்டர் சொன்ன மூன்று மாதம். என் நிபந்தனைகள் இவை: எல்லா டைல்ஸிலும் விலை ஒட்டுவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவேன், நீ அதில் ஷூவோடு உட்கார வேண்டும். சாம்பிள் தரையில் வேண்டுமானால் நான் வெறுங்காலோடு நடந்து காட்டுகிறேன். நானும் கண்ணாடி போட்டவளும் மாற்றி மாற்றி நடக்கிறோம், எங்கள் கால் இளசு. காலையில் முப்பதையும் நீ செய்து முடித்த பிறகுதான் ஷட்டர் ஏறும். கடையில் நான் சொன்ன விலைதான் விலை. யார் முன்னாலும் அதை நீ மாற்றக் கூடாது.

தம்பி

மே 9

தம்பிக்கு,

வா. நிபந்தனைகளைப் பற்றிப் பேசுவோம்.

நாற்காலிக்குச் சம்மதம், ஆனால் அரை நாள்தான். முப்பதுக்குச் சம்மதம், நிஜமாகவே செய்கிறேன். துண்டை மாட்டி இழுக்கும்போது என் பாதத்தை நானே கயிறு கட்டி எங்கோ கூட்டிப் போகிற மாதிரி இருக்கிறது. ஷூவை வாங்கிவிட்டேன். பார்த்தால் கட்டட வேலைக்குப் போகிறவன் ஷூ மாதிரி இருக்கிறது. போட்டால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, யாரோ காலைக் கையில் ஏந்திக்கொண்ட மாதிரி இருக்கிறது. அதனால் ஷூவுக்கும் சம்மதம். ஆனால் பெரிய ஆள் வந்தால் கழற்றிவிடுவேன்.

விலைச்சீட்டு முடியாது. விலையை எழுதி ஒட்டினால் அது கடை இல்லை, பஸ் டிக்கெட். வேண்டுமானால் குளியலறைச் சரக்குக்கு மட்டும் ஒட்டு, கூடத்துச் சரக்குக்கு வேண்டாம்.

கடைசி நிபந்தனை: சின்ன ஆர்டர்களுக்கு நீ சொல்கிற விலை இருக்கட்டும். பெரிய ஆர்டருக்கு என்னைக் கேட்டுக்கொள். இது நியாயம்தானே?

பெயிண்ட்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று இரண்டு தடவை வாசலில் நின்று நம் கடைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா

மே 15

அக்காவுக்கு,

திரும்பவும் எல்லாவற்றையும் பாதியாக்கியிருக்கிறாய்.

நான் சொன்னதும் அடக்க விலைதான். குறைக்க இடமில்லை. வேண்டாம் என்றால் பெயிண்ட்காரரிடம் கொடுத்துவிடு. நான் குறை சொல்லமாட்டேன், சரக்கைக் காலி செய்ய ஆளும் அனுப்புகிறேன்.

பையை எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அத்தைக்குக் கால்ல என்ன?" என்று கேட்கிறாள். நின்று நின்று தேய்ந்துவிட்டது என்றேன். "அப்ப உக்காரச் சொல்லு" என்கிறாள்.

தம்பி

மே 28

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் கோபத்தில் ஷூவைக் கழற்றி எறிந்தேன். பிறகு அதை எடுக்க வெறுங்காலோடு நடக்க வேண்டியிருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கடையில் நாற்காலி போடச் சொன்னேன். நீ சொன்னதற்காக இல்லை, நிற்க முடியவில்லை. ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மூலையில் இருக்கிற சாம்பல் டைல்ஸ் முன்னால் நின்று கேட்டார்கள். கண்ணாடிக்காரி அங்கிருந்து என்னைப் பார்த்தாள். நான் எழப் போனேன். குதிகால் ஒரு இழுப்பு இழுத்தது, உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்கள் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. முதுகைப் பார்த்து விலை சொல்ல எனக்குத் தெரியாது.

"நீயே சொல்லுடி" என்றேன்.

"என்னங்கக்கா?"

"விலையை. உனக்குத் தெரியாதா? தினமும் என் பக்கத்துலதானே நிக்கிற?"

அவள் சொன்னாள். நான் சொல்லியிருக்கக்கூடிய விலையைவிடக் கொஞ்சம் கம்மி. வாய்வரைக்கும் வந்துவிட்டது, "இவ சொல்றதெல்லாம் விலை இல்லீங்க" என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த நாக்குக்கு இதெல்லாம் பழக்கமே இல்லை, இன்னும் வலிக்கிறது. அவர்கள் கூடத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்காரி பில்லைக் கொண்டுவந்து தள்ளி நின்றே நீட்டினாள். நான் திட்டுவேன் என்று பயம். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அந்தப் பயத்தைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. "நல்லா சொன்ன" என்றேன். அவள் அதற்கும் பயந்தாள்.

அன்று டாக்டரிடமும் போனேன். அழுத்துகிற இடத்தில் அழுத்தினாள். வலித்தது, ஆனால் ரொட்டிக் கடைக்குக் கேட்கிற அளவுக்கு இல்லை. "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன். "பாதம் எத்தனை நாள் கேக்குதோ அத்தனை நாள்" என்றாள். சரி என்று ஷூவை மாட்டிக்கொண்டேன். அவளே ஆச்சரியப்பட்டு, "என்ன, ஒண்ணும் கேக்கலையா?" என்றாள்.

பெயிண்ட்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் சுவரைத் தட்டிப் பார்த்தீர்களே, உங்கள் கடைச் சுவருக்கு நல்ல டைல்ஸ் ஒட்டலாம், போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்கிறார்.

காலையில் இன்னும் முதல் அடி வலிக்கத்தான் செய்கிறது. அலுப்பும் போகவில்லை. இனி முழுசாகப் போகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் மூளியில் கால் வைக்கிற மாதிரி இல்லை. கரடுமுரடான சரக்கின்மேல் வைக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

ஆகவே முடித்துக்கொள்கிறேன். நீ கேட்ட அடக்க விலைக்கே. மூன்று மாதம், வேண்டுமானால் அதற்கு மேலும். கூடத்துச் சரக்கு உட்பட எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு, எழுத்து பெரிதாக இருக்கட்டும், நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிய வேண்டும். காலையில் முப்பது, ஒன்றும் குறையாது. யார் வந்தாலும் ஷூ காலிலேயே இருக்கும். நாற்காலி முழு நாள். பெரிய ஆர்டரோ சின்ன ஆர்டரோ, அந்தக் கட்டடக்காரரே திரும்ப வந்தாலும், நீ சொல்கிறதுதான் விலை.

அக்கா